வாங்கிக்கொண்டதாகச் சொன்ன அஞ்சல் எங்கே?

பெரிய மின்னஞ்சல் சேவைகளில் ஸ்பாம் வடிகட்டும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் சொந்தமாக ஒரு சிறிய மெயில் சர்வர் நடத்துகிறேன். ஆறு வருடமாகிறது. அதில் இருப்பது நான்கே கணக்குகள்: அம்மா, அப்பா, அக்கா, நான். விளம்பரமோ செய்திமடலோ எதுவும் கிடையாது. நான்கு பேரும் சேர்ந்து ஒரு நாளில் இருபது அஞ்சல் அனுப்பினாலே அதிகம். அஞ்சல் உண்மையிலேயே எங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் கையெழுத்து, டிமார்க், ரிவர்ஸ் டிஎன்எஸ், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. எந்தப் பொதுத் தடைப்பட்டியலிலும் என் ஐபி முகவரி இல்லை. இவையெல்லாம் எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவற்றைச் செய்யச் சொன்னதே நீங்கள்தான்.

போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

அக்கா மொழிபெயர்ப்பாளர். ஒரு பதிப்பகம் வைத்த தேர்வில் தேறி, ஒரு வருட ஒப்பந்த வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. "சம்மதம் என்றால் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தார்கள். அவள் புதன்கிழமை மாலையே அனுப்பிவிட்டாள். மூன்று வரிக் கடிதம், கூடவே ஒரு பிடிஎஃப். என் சர்வரில் அஞ்சலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் பதிவில் அந்த வரி இன்னும் இருக்கிறது. மாலை 6:42. உங்களில் ஒருவருடைய சர்வர், டிஎல்எஸ் இணைப்பில், 250, அதாவது "ஏற்றுக்கொண்டேன்", என்று பதில் சொல்லி அந்த அஞ்சலை வாங்கிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் முழுக்கப் பதில் இல்லை. கேட்டால் அவசரப்படுவதாக நினைப்பார்களோ என்று அக்கா தயங்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் போன் செய்தபோது, "உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. விருப்பமில்லை போல என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்றார்கள். நல்ல மனிதர்கள். அவள் லைனில் இருக்கும்போதே இன்பாக்ஸில் தேடினார்கள், ஸ்பாம் பெட்டியிலும் தேடினார்கள். இரண்டிலும் இல்லை.

முதலில் நான் நம்பவில்லை. என் பக்கம்தான் ஏதோ தவறு என்று இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் அதே சேவையில் எனக்கென்று ஒரு கணக்குத் திறந்து, என் சர்வரிலிருந்து நானே எனக்கு அனுப்பிப் பார்த்தேன். வெறும் எழுத்து மட்டும் உள்ள அஞ்சல் ஸ்பாம் பெட்டிக்கு வந்தது. பிடிஎஃப் இணைத்த அஞ்சல் எங்கேயும் வரவில்லை. நான்கு முறை அனுப்பினேன். நான்கு முறையும் 250. நான்கு முறையும் பெட்டி காலி. ஒரு வாரம் காத்திருந்தேன், திரும்பி வந்த அறிவிப்பும் இல்லை. உங்கள் உதவிப் படிவத்தை நிரப்பினேன். ஒரு மணி நேரத்தில் தானியங்கிப் பதில் வந்தது: ஆய்வு செய்ததில் என் முகவரிக்குத் தடை எதுவும் இல்லையாம். மறுபடியும் எழுதினேன். அதே பதில், எழுத்து மாறாமல்.

தடை இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். எதை நீக்கச் சொல்லிக் கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

என் கோரிக்கை ஒன்றுதான். எங்கள் அஞ்சலை ஏற்க விருப்பமில்லை என்றால், வாசலிலேயே மறுத்துவிடுங்கள். ஏற்கவில்லை என்று பொருள்படும் 550 குறியைச் சொல்லுங்கள். 250 சொல்லி வாங்கிக்கொண்டு தொலைத்துவிடாதீர்கள்.

மறுப்பு எங்களுக்குப் பழக்கம்தான். 550 வந்தால் என் சர்வர் அடுத்த நொடியே அக்காவுக்கு "உங்கள் அஞ்சல் போய்ச் சேரவில்லை" என்று தகவல் அனுப்பியிருக்கும். அவள் அன்று மாலையே போனை எடுத்திருப்பாள். வேறொரு முகவரியிலிருந்து அனுப்பியிருப்பாள். கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஸ்பாம் பெட்டியில் போட்டிருந்தால்கூட, போனில் கேட்ட அன்று அது கிடைத்திருக்கும். தாமதம்தான், ஆனால் அவள் அனுப்பினாள் என்பதற்குச் சாட்சியாவது இருந்திருக்கும். நீங்கள் செய்தது இந்த இரண்டும் இல்லை. கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலை வாங்கிக்கொண்டு, பெற வேண்டியவருக்கும் தராமல், அனுப்பியவருக்கும் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள்.

250 என்பதன் பொருள் உங்களுக்குத் தெரியும். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய மின்னஞ்சல் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 821 முதல் இன்று வரை அந்தப் பொருள் மாறவில்லை. 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5321 அதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: ஒரு சர்வர் 250 சொல்லிவிட்டால், அந்த அஞ்சலைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு அதனுடையது; அற்பக் காரணங்களுக்காக அதைத் தொலைக்கக் கூடாது. தொலைக்கக் கூடாத காரணத்துக்கு அந்த ஆவணம் தரும் உதாரணத்தைப் பாருங்கள்: சர்வர் பிற்பாடு நின்றுபோவது. இயந்திரம் பழுதாகி நின்றாலும் அஞ்சல் தொலையக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். உங்கள் இயந்திரங்கள் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே என் அக்காவின் கடிதம் தொலைந்திருக்கிறது.

அதே ஆவணத்தில் உங்களுக்குச் சாதகமான இடம் ஒன்றும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுத நான் விரும்பவில்லை. சொல்லாமல் அஞ்சலைக் கைவிடுவது நடைமுறையில் அனுமதிக்கப்படுகிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் உடனே, அது மிகவும் ஆபத்தான பழக்கம் என்றும், அஞ்சல் ஒன்று போய்ச் சேரும் அல்லது திரும்பி வரும் என்ற நீண்ட மரபை மீறுவது என்றும், மோசடி அல்லது வேறு வகையில் தகாதது என்று மிக உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே யோசிக்க வேண்டியது என்றும் சொல்கிறது. டிகிம் கையெழுத்து சரியாக உள்ள, பதிப்பகம் எழுதிய அஞ்சலுக்குப் பதிலாகப் போன, அந்தப் பழைய அஞ்சலின் அடையாளத்தைத் தன் தலைப்பிலேயே சுமந்து சென்ற ஒரு மூன்று வரிக் கடிதத்தில், மோசடி என்ற அந்த உறுதி உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

உங்கள் வேலை எவ்வளவு கடினமானது என்று எனக்குத் தெரியும். நான்கு கணக்குள்ள என் சர்வரிலேயே ஒவ்வொரு நாளும் யாராவது கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கிறார்கள். ஸ்பாம் வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி மென்பொருள் இல்லாவிட்டால் அம்மாவின் பெட்டி ஒரே வாரத்தில் குப்பையாகிவிடும். கோடிக்கணக்கான பெட்டிகளைக் காப்பவர்கள் கடுமையாக இருக்க வேண்டியதுதான். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கியபோது சிறிய சர்வர் நடத்துபவர்கள் பலர் பயந்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. விதி எழுத்தில் இருந்தது, படித்தேன், சரிபார்த்துக்கொண்டேன். எழுத்தில் உள்ள எந்த விதிக்கும் நான் கட்டுப்படுவேன்.

காரணத்தைச் சொன்னால் ஸ்பாம் அனுப்புகிறவன் அதைப் படித்துத் தப்பித்துக்கொள்வான் என்று நீங்கள் சொல்லலாம். சரி, காரணத்தைச் சொல்ல வேண்டாம். "ஏற்கவில்லை" என்ற ஒரு சொல் போதும். ஏற்ற பிறகு மறுப்பு அனுப்பினால், முகவரியைப் போலியாகப் போட்டவன் தப்பித்து, சம்பந்தமில்லாத யாருக்கோ போய்ச் சேரும் என்பதும் உண்மை. அதனால்தான் இணைப்பு திறந்திருக்கும்போதே மறுக்கச் சொல்கிறேன். அப்போது மறுப்பு, எதிரில் நிற்கும் சர்வருக்கு மட்டும்தான் போகும். உள்ளடக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல முடியும் என்றாலும் பாதகமில்லை. அஞ்சல் முடிந்தது என்று காட்டும் கடைசிப் புள்ளி வந்த பிறகு, 250 சொல்வதற்கு முன்னால் பார்க்கலாம். என்னுடைய சின்னஞ்சிறு சர்வரே அப்படித்தான் செய்கிறது. அந்தச் சோதனைக்கு இன்னும் நேரம் வேண்டுமென்றால் 4-இல் தொடங்கும் தற்காலிகக் குறியைச் சொல்லுங்கள். நாங்கள் கால் மணி நேரம் கழித்து மறுபடி வருகிறோம்.

எனக்கு என்னதான் குற்றம் என்று யாரும் சொல்லாததால், நானே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாடகைக்கு எடுத்த சர்வர் என்பதாலா? அக்கம்பக்கத்து 255 ஐபி முகவரிகளில் ஏதோ ஒன்று எப்போதோ ஸ்பாம் அனுப்பியிருக்கும் என்பதாலா? அல்லது நாங்கள் அனுப்புவது மிகக் குறைவு என்பதாலா? இந்தக் கடைசிச் சந்தேகம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. அனுப்புநர்களுக்காக நீங்கள் வைத்திருக்கும் கண்காணிப்புப் பக்கத்தில் என் டொமைனைப் பதிவு செய்திருக்கிறேன். அளவு போதாததால் காட்ட விவரம் இல்லை என்றுதான் எப்போதும் வருகிறது. லட்சம் அஞ்சல் அனுப்பும் விளம்பர நிறுவனத்துக்குத் தன் அஞ்சல்களை எத்தனை பேர் ஸ்பாம் என்று குறிக்கிறார்கள் என்று வரைபடத்தோடு தெரியும். பேரனின் படத்துக்கு நன்றி எழுதும் என் அம்மாவுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இது மெயிலோடு நிற்கிற கவலை இல்லை. எங்கள் வீட்டுப் படங்கள் இம்மிச்சில் இருக்கின்றன, கோப்புகளும் நாட்காட்டியும் நெக்ஸ்ட்கிளவுடில், கடவுச்சொற்கள் வால்ட்வார்டனில், வீடியோக்கள் ஜெல்லிஃபினில். எல்லாம் திறந்த மூல மென்பொருள்கள். பேக்கப் எடுப்பதும் அப்டேட் செய்வதும் என் பொறுப்பு. ஏதாவது கெட்டால் அது என் தவறு, நான் சரிசெய்துகொள்வேன். யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மெயில் மட்டும் அப்படி இல்லை. மென்பொருளில் குறை ஒன்றும் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 1998-லிருந்து இருக்கிறது, இன்று வரை என் அஞ்சல் ஒன்றைக்கூட அது தொலைத்ததில்லை. ஆனால் மறுமுனையில் இருப்பவர் வாங்கிக்கொண்டால்தான் மெயில் மெயில். அந்த மறுமுனை இப்போது பெரும்பாலும் உங்களில் சிலரிடம் இருக்கிறது.

சாட்டுக்கு இது ஒரு முறை நடந்துவிட்டது. எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையில், யாருடைய சர்வரில் இருப்பவரும் யாருடைய சர்வரில் இருப்பவரோடும் பேச முடிந்தது. கூகுளின் சாட் சேவையான கூகுள் டாக் 2006-இல் அந்தக் கதவைத் திறந்தது. 2013-இல் அதன் இடத்தில் ஹேங்அவுட்ஸ் வந்தபோது அந்தக் கதவு அதில் இல்லை. இன்று ஒரு செயலியில் இருப்பவரோடு பேச அதே செயலிக்குள் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் இயற்கை என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மெயிலில் இன்னும், யார் எந்த வீட்டில் குடியிருந்தாலும் கடிதம் போடலாம். நீங்கள் அந்தக் கதவை மூடப்போவதாக அறிவிக்கவில்லை. ஆனால் தட்டினால் "வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்தவரைக் காணாமல் போகச் செய்தால், கொஞ்ச நாளில் தட்டுபவர்கள் தாமாகவே நின்றுவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் நின்றுவிட்டார். வேலை போன மூன்றாம் நாள் அக்கா உங்கள் சேவையில் ஒரு கணக்குத் திறந்துகொண்டாள். "உன்மேல கோபம் இல்லடா தம்பி. ஆனா அடுத்த வேலையையும் இப்படி விட என்னால முடியாது" என்றாள். நான் ஒன்றும் பேசவில்லை. ஆறு வருடத்துக் கடிதங்களையும் அவளுடைய புதிய கணக்குக்கு நானே மாற்றிக் கொடுத்தேன்.

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டு முடிக்கிறேன். எங்கள் அஞ்சலை இன்பாக்ஸில் போடுங்கள், அல்லது ஸ்பாம் பெட்டியில் போடுங்கள், அல்லது வாசலிலேயே 550 சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மூன்றில் எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறோம். 250 சொல்லிவிட்டு மறைத்துவிடும் அந்த நான்காவது வழியை மட்டும், டிகிம் கையெழுத்து சரியாக உள்ள அஞ்சல்களுக்காவது நிறுத்துங்கள்.

இன்னொன்று. அஞ்சல் வாங்கும் ஒவ்வொரு டொமைனிலும் பொறுப்பாளருக்கு எழுத போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி இருக்க வேண்டும் என்று அதே ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. உங்களிடமும் இருக்கிறது. அதற்கு வருவதை ஒரு மனிதர் படிக்கும்படி செய்யுங்கள். பதில் ஒரு வாரம் கழித்து வந்தாலும் காத்திருக்கிறோம்.

அக்காவின் அந்த அஞ்சலுக்கு உங்கள் சர்வர் கொடுத்த வரிசை எண், நேரம், நான் அனுப்பிய நான்கு சோதனை அஞ்சல்களின் எண்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் அன்றே அனுப்புகிறேன். என் டொமைனின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு எழுதினால் போதும். அதற்கு வருவதை நான் தினமும் படிக்கிறேன்.

இப்படிக்கு,
இப்போது மூன்று கணக்குகள் உள்ள ஒரு மெயில் சர்வரை நடத்துபவன்