காலிக் குளத்துக்கும் கணக்குப் போடுங்கள்: கடலோர வீடுகளில் நீச்சல் குளம் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நீலாங்கரை முதல் கோவளம் வரை தனி வீடுகளின் பின்புறத்தில் நீச்சல் குளம் கட்டித் தரும் பொறியாளர்களுக்கும், அவற்றின் வரைபடங்களில் கையொப்பமிடும் கட்டமைப்புப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன் என்பதால், என் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் கையொப்பமிட்ட ஒரு குளம் மண்ணைவிட்டு மேலே எழும்பியது. ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில், பெயர்ந்த டைல்ஸை மீண்டும் ஒட்டுவதற்காக வீட்டுக்காரர் மோட்டார் வைத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டார். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது குளத்தின் ஆழமான முனை அரையடி உயர்ந்திருந்தது. ஓரக்கல் வரிசை பிளந்து, வடிகட்டிக்குப் போகும் குழாய் முறிந்து கிடந்தது. பிளவுக்குள் கைவிட்டால் ஈர மணல் தட்டுப்பட்டது. ஆனால் கான்கிரீட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. நிரம்பிய குளத்தின் அழுத்தத்துக்குச் சுவர்களை நான் சரியாகவே வடிவமைத்திருந்தேன். குளம் காலியாகும் நாளைத்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

நீச்சல் குளத்தைப் பெரிய சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) என்று எண்ணிக் கட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. சம்ப் அளவில் சிறியது; அதற்குக் கான்கிரீட் மூடி உண்டு; பல வீடுகளில் அதன் மேல் காரும் நிற்கும். குளத்துக்கு மேலே வானத்தைத் தவிர வேறு பாரம் இல்லை.

உட்புறம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.4 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு சாதாரண வீட்டுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். சுவரும் தரையும் 20 செ.மீ. தடிமன் என்றால், வெளியளவில் அது ஏறத்தாழ 59 கன மீட்டர் இடத்தை அடைக்கிறது. நிலத்தடி நீர் தரைமட்டத்தைத் தொடும் நாளில் அந்தத் தொட்டியை, அது விலக்கும் தண்ணீரின் எடையான 59 டன் விசை மேலே தள்ளும். அதிலுள்ள கான்கிரீட்டோ சுமார் 14 கன மீட்டர்தான். எடை 36 டன். பூச்சையும் டைல்ஸையும் சேர்த்தாலும் இன்னும் ஐந்தாறு டன்தான் கூடும். உள்ளே இருக்கும் 45 டன் தண்ணீர்தான் அந்தக் குளத்தை மண்ணில் பிடித்துவைத்திருக்கிறது. அதை இறைத்துவிட்டால் தொட்டி படகாகிவிடும். மிதப்புக்கு எதிரான எடை 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்று நாம் படித்த பாடத்தின்படி பார்த்தால், இந்தக் குளத்துக்கு 71 டன் தேவைப்படுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. குளத்தின் தரையாக இருக்கும் கான்கிரீட் பலகையைச் சுவருக்கு வெளியே அரை மீட்டர் சுற்றிலும் நீட்டினால், அதன் மேல் அமரும் மண்ணின் நீரில் மூழ்கிய எடையும் கூடுதல் கான்கிரீட்டும் சேர்ந்து ஏறக்குறைய 23 டன் பிடிப்பைத் தரும். மீதியைத் தரையின் தடிமனைக் கூட்டி ஈடுகட்டலாம். தரைக்கு அடியில் ஜல்லிப் படுகை அமைத்து, ஆழமான இடத்தில் நீரழுத்தத்தை விடுவிக்கும் வால்வு ஒன்றைப் பொருத்துவதும் நல்லதே. எனினும், மணலும் பாசியும் அடைத்த வால்வு தேவைப்படும் நாளில் திறக்காது என்பதால், அதை நம்பி எடையைக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஜல்லிப் படுகை வரை இறங்கும் ஆறு அங்குலக் குழாய் ஒன்றைக் குளத்தின் ஓரத்தில் நட்டுவைத்தால், நீர்மட்டத்தை எந்த நேரத்திலும் கயிறு விட்டு அளக்கலாம். அவசியமானால் அதன் வழியே அடிநீரை இறைக்கவும் செய்யலாம். செலவோடு ஒப்பிட்டால் அதைவிடப் பயனுள்ள ஒன்று எனக்குத் தெரியவில்லை.

மண் பரிசோதனையை நாம் செய்யும் காலத்தையும் கவனிக்க வேண்டும். வேலை தொடங்க வசதியான சித்திரை, வைகாசியில் துளையிட்டு, மூன்று மீட்டருக்குக் கீழே தண்ணீர் என்று அறிக்கை வாங்கி, அந்த எண்ணையே கணக்கில் எழுதிவிடுகிறோம். கார்த்திகையில் அதே துளை வேறு எண்ணைக் காட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஊரில், நிலத்தடி நீர்மட்டத்தைத் தரைமட்டமாகவே கொள்வது மிகையான எச்சரிக்கை ஆகாது.

அடுத்தது அண்டை வீட்டுச் சுவர். இந்த மணல் வெட்டியபடி செங்குத்தாக நிற்காது; 1.6 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால், இயல்பான சரிவுக்கு மட்டும் இரண்டரை மீட்டர் இடம் வேண்டும். இடம் இல்லாத மனையில் தாங்கு பலகை அடிக்காமல் தோண்டி, ஊறும் தண்ணீரை மோட்டாரால் இடைவிடாமல் இறைத்தால், தண்ணீரோடு பொடி மணலும் வெளியேறிப் பக்கத்து மதிலின் அடி காலியாகும். அந்த மதிலின் அஸ்திவார ஆழத்தை வரைபடத்தில் குறிக்காமல் வேலையைத் தொடங்க அனுமதிக்காதீர்கள்.

கான்கிரீட்டைப் பொறுத்தவரை, தண்ணீர்த் தொட்டிகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3370 நமக்கு ஏற்கெனவே வழிகாட்டுகிறது. எம் 30 என்ற கான்கிரீட் வலிமைத் தரம், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல் (கவர்), 0.2 மி.மீ.க்குள் அடங்கும் விரிசல் ஆகிய வரம்புகளைக் கடற்காற்றும் குளோரினும் சேர்ந்து அரிக்கும் இடத்தில் தளர்த்த இடமே இல்லை. டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீரை நிரப்பி, ஊறுவதற்கு ஏழு நாள் விட்டு, அடுத்த ஏழு நாளும் மட்டத்தை அளக்க வேண்டும். திறந்த தொட்டியில் இறக்கம் 40 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டைல்ஸ் மேஸ்திரி காத்திருக்கிறார் என்பதற்காக இந்த இரண்டு வாரத்தை விழுங்கிவிடும் தளங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உயிர் சம்பந்தமான மூன்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு 12 வோல்ட்டில் எரிய வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் குளத்துக்கு எட்டத்தில் இருக்க, பம்ப் இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும், ஏணியும் கம்பிக்கூடும் ஒரே எர்த்தில் பிணைக்கப்பட வேண்டும். அடித்தள உறிஞ்சு வாயை ஒன்றாக வைக்காமல் இடைவெளி விட்டு இரண்டாக வைத்து, ஆளை இழுத்துப் பிடிக்காத மூடிகளைப் போடுங்கள். அமெரிக்காவில் 2002-இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி அத்தகைய வாயில் சிக்கி இறந்த பிறகே, 2007-இல் அவள் பெயரில் அங்கே சட்டம் வந்தது. வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரமும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் கொண்டிருக்கட்டும்; அதை ஒட்டிப் பூந்தொட்டியோ நாற்காலியோ வைத்தால் குழந்தைக்கு அதுவே படிக்கட்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சாவியை ஒப்படைக்கும் நாளில், பம்ப் அறைச் சுவரில் ஒரு தகடு பதியுங்கள். இப்போது என் குளங்களில் பதிக்கும் தகட்டில் இப்படி எழுதுகிறேன்: "ஐப்பசி முதல் தை வரை இந்தக் குளத்தைக் காலி செய்யக்கூடாது. மற்ற மாதங்களிலும், ஓரக் குழாயில் நீர்மட்டத்தை அளந்து, குளத்தின் தரைக்குக் கீழே இருப்பதை உறுதிசெய்த பிறகே இறைக்கவும்." கீழே பொறியாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும்.

இப்படிக்கு,
கடலோர மணலில் குளம் கட்டும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர்