கயலுக்கு, கேபினெட் வாங்கும் முன்னால்

அன்புள்ள கயல்,

வீட்டு ஃபைல் சர்வருக்காக நீ பார்த்து வைத்து அனுப்பிய மூன்று கம்ப்யூட்டர் கேபினெட்டுகளின் படங்களையும் பார்த்தேன். மூன்றுமே அழகாகத்தான் இருக்கின்றன. அதுவும் அந்தச் சின்ன சதுரப் பெட்டியை ஹாலில் வைத்தால் யாரும் சர்வர் என்றே சொல்ல மாட்டார்கள், ஸ்பீக்கர் என்றுதான் நினைப்பார்கள். மாப்பிள்ளைக்கும் அதுதான் பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஆர்டர் போடும் முன்னால் முழுதும் படித்துவிடு.

முதலில் ஒன்று. கேமிங் கம்ப்யூட்டரில் சூட்டைக் கக்குவது பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும். ஃபைல் சர்வர் என்பது டிஸ்க்குகளில் ஃபைல்களைச் சேர்த்து வைத்து வீட்டிலுள்ள மற்ற மெஷின்களுக்குக் கொடுக்கிற கம்ப்யூட்டர், அதில் அப்படி இல்லை. நீ போடப்போகிற இன்டெல் என்100 பிராசசரே 6 வாட் கணக்குக்குச் செய்தது, அதற்குச் சூட்டை உறிஞ்சி வெளியே விடுகிற ஒரு சின்ன உலோகத் துண்டு, ஹீட் சிங்க், போதும். இங்கே சூடு டிஸ்க்கிலிருந்து வருகிறது. 3.5 அங்குல டிஸ்க் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாலே நாலிலிருந்து ஏழு வாட் வரைக்கும் தின்னும், நாலு டிஸ்க் என்றால் இருபது இருபத்தைந்து வாட், அதுவும் ராத்திரி பகல் பாராமல், ஒரு ஷூ டப்பாவைவிடக் கொஞ்சமே பெரிய இடத்துக்குள். ஆனால் கேபினெட் விளம்பரத்தில் எதைச் சொல்கிறார்கள் பார், எத்தனை டிஸ்க் கொள்ளும், எவ்வளவு சின்னது, முகப்பு அலுமினியமா மரமா. அந்த டிஸ்க்குகளுக்கு நடுவில் காற்று எந்த வழியாகப் போகும் என்று ஒருவரும் பேசுவதில்லை. நீ பார்க்க வேண்டியது அதைத்தான்.

உன் வீட்டில் பகலில் ஏசி போடுவதில்லை. சித்திரை வைகாசியில் திருவான்மியூரில் அறைக்குள்ளேயே 34, 35 டிகிரி இருக்கும். காற்றோட்டம் நன்றாக உள்ள பெட்டியில்கூட டிஸ்க் அறையைவிடப் பத்து டிகிரி கூடத்தான் இருக்கும், ஆக 45. காற்று போகாத பெட்டியில் 50-ஐத் தாண்டிவிடும். இதற்காகப் பயப்படவும் வேண்டாம், இந்த மாதிரி சர்வருக்கென்றே செய்கிற நாஸ் டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கம்பெனிகள் போட்டிருக்கிற எல்லையே 60-க்கு மேல்தான். கூகுள்காரர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், அதில் மிதமான சூட்டுக்கும் டிஸ்க் பழுதாவதற்கும் எல்லோரும் நினைத்த அளவுக்குத் தொடர்பு தெரியவில்லை, ரொம்ப அதிகச் சூட்டில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆகவே 45 என்று பார்த்தால் பதறாதே, 50 என்று பார்த்தால் சும்மா இருக்காதே. குளிர்ப்பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு 32 டிகிரிதான் வருகிறது" என்று எழுதுகிறவர்களின் பேச்சை வைத்து நீ பெட்டி வாங்க முடியாது.

இப்போது அந்தச் சதுரப் பெட்டி, ஜான்ஸ்போ என்2. கீழ்த்தளத்தில் அஞ்சு டிஸ்க் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், மேலே மதர்போர்டு. டிஸ்க்கைத் தள்ளினால் பின்னால் இருக்கிற பேக்பிளேனில் போய் டக்கென்று மாட்டிக்கொள்ளும், கேபிள் தொல்லையே இல்லை. வசதிதான். ஆனால் அந்த பேக்பிளேன் படத்தைப் பெரிதாக்கிப் பார். டிஸ்க்குகளின் முதுகை மறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு சர்க்யூட் போர்டு, காற்று போக அதில் வெட்டியிருக்கிற இடைவெளிகள் மட்டும்தான் வழி. டிஸ்க்குக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உள்ள சந்தும் சில மில்லிமீட்டர்தான். பின்னால் இருக்கிற 120 மி.மீ. விசிறி அத்தனை சந்திலும் காற்றை இழுக்க வேண்டும், அதுவோ 15 மி.மீ. தடிமனுள்ள ஒல்லி விசிறி. வழக்கமான விசிறி 25 மி.மீ. இருக்கும். இப்படி நெருக்கமான சந்தில் காற்றை இழுக்க அழுத்தம் வேண்டும், ஒல்லி விசிறி அதற்காக வேகமாகச் சுற்றும், சுற்றினால் சத்தம் போடும். ஹாலில் வைக்கிற ஆசை அதோடு போச்சு. பேக்பிளேன் இருந்தால் கிடைக்கிற, ஓடும்போதே டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வசதி ஆபீசுக்கு வேண்டும், வீட்டில் ஒரு டிஸ்க் போனால் மெஷினை அணைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் ஆயிற்று. இதில் நம் கடைப் பையன்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், போகட்டும்.

என்னைக் கேட்டால் நீ மூன்றாவதாக அனுப்பினாயே, ஃப்ராக்டல் நோட் 304, அதை வாங்கு. பழைய மாடல்தான், 2012-இல் வந்தது, பார்க்கவும் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. ஆனால் முகப்பில் இரண்டு 92 மி.மீ. விசிறிகள் குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளும், பின்னால் ஒரு 140 மி.மீ. விசிறி சூட்டை வெளியே இழுக்கும். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் வராது. ஆறு டிஸ்க் கொள்ளும், மூன்று சட்டங்களில் இரண்டிரண்டாகத் தொங்கும், பேக்பிளேன் கிடையாது. நீ நாலுதான் போடப்போகிறாய், நடுச் சட்டத்தைக் கழற்றி எடுத்து வைத்துவிடு, காற்றுக்குத் தெரு மாதிரி வழி கிடைக்கும். இன்னும் ஒரு யோசனை, நாலு சின்ன டிஸ்க்குக்குப் பதிலாக இரண்டு பெரிய டிஸ்க்காக வாங்கினால் சூடும் பாதி, கரண்டும் குறையும். மெஷின் மொத்தமாக 40 வாட் எடுத்தால் நாளைக்கு ஒரு யூனிட், உங்கள் ஊர் பில்லில் இரண்டு மாதத்துக்கு அறுபது யூனிட் கூடும், அதையும் யோசித்துக்கொள்.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டி, அதாவது எஸ்எம்பிஎஸ், 160 மி.மீ. நீளம் வரை நோட் 304-இல் நுழையும் என்று போட்டிருக்கும், நீ 140 மி.மீ. பார்த்து வாங்கு, இல்லையென்றால் கேபிள்களை மடக்கி மடக்கிக் கடைசியில் டிஸ்க்குக்கு முன்னாலேயே திணிக்க வேண்டி வரும். டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கிற சாட்டா பவர் முனைகள் போதவில்லை என்று, பழைய மோலெக்ஸ் முனையைச் சாட்டாவாக மாற்றுகிற கேபிளை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கி மாட்டாதே. பிளாஸ்டிக்கை வார்த்து அடைத்த தலை உள்ளவை உள்ளுக்குள்ளேயே ஷார்ட்டாகி உருகும், கடையில் அப்படிக் கருகி வந்தவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததுதான் முக்கியம், நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம். போர்டில் மாட்டுகிற விசிறி பொதுவாக பிராசசர் சூட்டைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ராத்திரி பேக்கப் ஓடுகிறது என்று வை, டிஸ்க் நாலும் மணிக்கணக்கில் உழைக்கும், பிராசசருக்கோ வேலையே இல்லை, ஜில்லென்று கிடக்கும். விசிறியும் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சோம்பேறியாகச் சுற்றும். காலையில் பார்த்தால் டிஸ்க் 52. நோட் 304-இல் பின்பக்கம் மூன்று வேகத்துக்கு ஒரு கை சுவிட்ச் உண்டு, விசிறிகளை அதில் மாட்டி நடு வேகத்தில் வைத்துவிட்டால் பிராசசரைக் கேட்காமல் ஒரே சீராக ஓடும். மாப்பிள்ளை லினக்ஸ் போடுவதாக இருந்தால் அவருக்கு இதைச் சொல்: லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்து டிரைவ்டெம்ப் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது, டிஸ்க் சூட்டை நேராகக் காட்டும், அப்போது விசிறியைப் போர்டிலேயே மாட்டி, வேகத்தை டிஸ்க் சூட்டோடு கட்டிவிடலாம். அவருக்கு அது பொழுதுபோக்காகவும் இருக்கும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் ஒரு ஊதுபத்தியை ஏற்றி முகப்பருகில் பிடித்துப் பார். புகை நேராக உள்ளே இழுக்கப்பட வேண்டும். அங்கேயே சுழன்றுகொண்டு நின்றால் உள்ளே ஏதோ வழியை மறிக்கிறது, பெரும்பாலும் கேபிள்தான். பத்தியைத் தள்ளியே பிடி, சாம்பல் உள்ளே விழக்கூடாது.

வைக்கும் இடம். பரணில் வேண்டாம், வீட்டிலேயே சூடான இடம் அதுதான். கதவு போட்ட டிவி அலமாரியும் வேண்டாம், விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். கடல் பக்க ஜன்னலோரமும் கூடாது, உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பூத்துவிடும். பின்பக்கம் கார்டு போடாத துளைகளையெல்லாம் தகடு வைத்து மூடு. கதகதப்பு தேடிப் பல்லி உள்ளே போகும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் போய்விட்டால் பல்லியும் போச்சு, எஸ்எம்பிஎஸ்ஸும் போச்சு. முகப்பு ஃபில்டரை மாதம் ஒரு தடவை கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டு, உங்கள் தெருவில் மெட்ரோ வேலை முடிகிறவரை இரண்டு தடவை.

படிப்பறை ஷெல்ஃபில் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறதல்லவா, அதன் ஆழத்தை அளந்து எனக்கு அனுப்பு. கேபினெட்டே 374 மி.மீ. ஆழம், பின்னால் பிளக்கும் கேபிளும் வளைய, சூடு வெளியேற, இன்னும் ஒரு சாண் வேண்டும். பத்தவில்லையென்றால் பின்பலகையைக் கழற்றிவிடலாம், கார்ப்பென்டரைக் கூப்பிடாதே, அடுத்த மாதம் வரும்போது நானே பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா