காவடி பத்து மணிக்குள் கோயில் சேரட்டும்: பாடாங் செராய் வட்டாரத் திருவிழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியா, கெடா மாநிலத்துப் பாடாங் செராய் வட்டாரத்துக் கோயில் திருவிழாக் குழுத் தலைவர்கள், செயலாளர்கள், பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி உத்திரத்துக்கும் அதை ஒட்டி வரும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களுக்கும் கூட்டம் போடத் தொடங்கிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நோட்டீஸ் அச்சாவதற்கு முன்பே இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் மிஸ்ஸி என்றால் உங்களில் பலருக்கு முகம் தெரியும். கேட்பது ஒன்றுதான்: வெயில் ஏறுமுன், காவடியும் பால்குடமும் காலை பத்து மணிக்குள் கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

சென்ற ஆண்டும் இதைச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மெட்ராஸ்ல 42 டிகிரி அடிக்குது, அங்கேயே சனங்க தீ மிதிக்கிறாங்க. நம்ம ஊரு 34க்கு ஏன்மா இவ்வளவு பெருசு பண்றீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அன்னதானக் கணக்குக்குப் போய்விட்டது.

பெரியவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. வெயிலை ஊதிப் பெரிதாக்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. மார்ச் மாதம் பிறந்தால் போதும், இக்குவினாக்ஸ் (சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரும் நாள்) வருகிறது, 40 டிகிரி அடிக்கும், வெளியே போகாதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். அது பொய் என்று வானிலை இலாகாவும் சளைக்காமல் மறுக்கும். வெயிலில் நிறுத்தி வைத்த காரில் ஏறி, முன்னால் தெரியும் 41ஐப் படம் பிடித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கருவி காட்டுவது காரும் தாரும் வாங்கி வைத்திருக்கும் சூட்டை. இந்த நாட்டில் முறைப்படி பதிவான மிக அதிக வெப்பமே 40.1 டிகிரிதான்; 1998 ஏப்ரலில், பெர்லிஸில் உள்ள சுப்பிங்கில். நம் ஊரில் சாதாரணப் பங்குனி நாளில் 33, 34, மிஞ்சினால் 35.

ஆனால் அந்த 34 எங்கே எடுத்தது? புல்தரைக்கு மேலே, ஓர் ஆள் மார்பு உயரத்துக்கு, காற்றுப் போக இடுக்கு வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் எடுத்தது. காவடி தூக்குகிறவர் அந்தப் பெட்டிக்குள் நடப்பதில்லை. அவர் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கிறார். உச்சி வெயிலில் அந்தத் தார் 60 டிகிரியைத் தொடும்.

மெட்ராஸ் கணக்கையும் பார்த்துவிடுவோம். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்தது. அப்படிப்பட்ட நாள்களில் அங்கே மேற்கிலிருந்து உலர்ந்த தரைக்காற்று வீசும், கடற்காற்று தாமதமாகத்தான் உள்ளே வரும். வேர்த்த வேர்வை உடனே காய்ந்துவிடும். உடம்பைக் குளிர வைப்பது வேர்வை இல்லை, வேர்வை காய்வது. நம் ஊரிலோ காற்றே ஈரம். வேர்வை கொட்டும், சட்டை நனையும், ஆனால் காயாது. உள்ளே இருக்கும் சூடு உள்ளேயே நிற்கும். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதன்படி 20 விழுக்காடு ஈரப்பதத்தில் 42 டிகிரியும், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் 34 டிகிரியும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே 42 போலத்தான் உறைக்கும். அதுவும் நிழலில் நிற்கிறவருக்கு. நேர் வெயிலில் நிற்கிறவருக்கு இன்னும் 8 டிகிரி வரைக்கும் கூடலாம். (சென்னைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். கடலோரத்தில் அவர்களுக்கும் புழுக்கத்தில் குறைவில்லை.)

இன்னொரு பதிலும் எனக்குக் கிடைக்கும்: "வானிலை இலாகா எச்சரிக்கை எதுவும் விடலையே." விட மாட்டார்கள். தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தாண்டினால்தான் முதல் நிலை எச்சரிக்கை. 37ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. 40ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. அந்தக் கணக்கில் ஈரப்பதம் சேராது, தார் ரோடு சேராது, தோளில் இருக்கும் காவடியும் சேராது. எச்சரிக்கை இல்லை என்பதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016 ஏப்ரலில் நம் கெடாவிலும் பெர்லிஸிலும் வெயிலுக்காகப் பள்ளிக்கூடங்களையே மூடினார்களே, அது மறந்துவிட்டதா?

"எங்க காலத்துல நாங்க எடுக்காத காவடியா?" என்பீர்கள். எடுத்தீர்கள். ஆனால் எந்தத் தரையில், யார்? அன்றைய ஊர்வலம் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து புறப்பட்டு, ரப்பர் பால்மரத்துக்கு நடுவே செம்மண் பாதையில் போய், ஆற்றங்கரையோ கோயிலோ வந்தால் முடிந்துவிடும். மாசியில் இலை உதிர்த்த மரங்கள் பங்குனிக்குள் கொழுந்து விட்டு நிழல் கொடுத்துவிடும். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் பல இடத்தில் போய்த் தாமான் குடியிருப்பு வந்தது. ஊர்வலம் கடைவீதி வழியாக, நாலு தடம் ரோட்டைத் தாண்டிப் போகிறது. தூக்குகிற ஆளும் மாறிவிட்டார். அன்று தூக்கியவர் தினமும் வெயிலில் வேலை செய்தவர். வெயில் உடம்புக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாவது பிடிக்கும். அவருக்கு ஆண்டு முழுக்கப் பழக்கம். இன்று தூக்கும் பிள்ளை கூலிம் ஹைடெக் தொழிற்சாலையில் ஏர்கோனுக்குள் ஷிப்ட் பார்த்துவிட்டு, விரதத்தில் வயிறு காய்ந்து, முதல் நாள் இரவு பூசையில் தூங்காமல் வந்து நிற்கிறது.

இதில் நான் அதிகம் பயப்படுவது காவடிக்காரப் பிள்ளைகளுக்காகக்கூட இல்லை. பால்குடம் எடுக்கும் அக்காமார், அத்தைமாருக்காகத்தான். நம் நாட்டில் பெரியவர்களான இந்தியர் பத்துப் பேரில் ஏறக்குறைய மூவருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்வு குறைந்துவிடும். தார் சுடுவது அவர்களுக்குத் தெரியாது. "சாமி புண்ணியம், எனக்கு ஒண்ணும் சுடலை" என்று சிரித்துக்கொண்டே வருவார்கள். சாயங்காலம் பாதத்தில் கொப்புளம், அடுத்த வாரம் புண், ஆறாத புண்ணென்றால் அப்புறம் விரலை எடுப்பதா காலை எடுப்பதா என்ற பேச்சு. இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் தண்ணீர் ஏற்கெனவே குறைவு. விரதம் என்று காலையிலிருந்து தொண்டையை நனைக்காமல் வேறு வருவார்கள்.

அடுத்து எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் சாமி நம்பிக்கை உண்டு, அருள் வந்து ஆடுகிறவர்களைச் சிறு வயதிலிருந்து பார்த்தவள். ஆனால் வெயில் அடித்து மூளை சூடேறியவரும் பார்ப்பதற்கு அப்படித்தான் இருப்பார். தடுமாறுவார், கண் செருகும், சம்பந்தமில்லாமல் பேசுவார், பிடித்தால் உதறுவார். சென்ற ஆண்டு ஒரு பெண்ணை இப்படித்தான் சுற்றி நின்று, விபூதி போட்டு, உடுக்கை அடித்து, வந்த சாமியை மலை இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகக் கொதித்தது. நிழலுக்குத் தூக்கி வந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறி, ஐஸை அக்குளிலும் கழுத்திலும் வைத்து, ஆம்புலன்சுக்கு 999ஐ அழைத்தோம். பிழைத்துக்கொண்டார். விபூதி பூசிச் சில நிமிடத்தில் மலை இறங்கிவிட்டால் சரி. இறங்காவிட்டால், பெயர் கேட்டுச் சொல்லத் தெரியாவிட்டால், உடம்பு கொதித்தால், அது எங்கள் வேலை. வேர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். வெயிலில் நடந்து விழுகிறவருக்கு வேர்வை நிற்காமலும் இருக்கும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பனடோல் காய்ச்சல் மாத்திரை கொடுப்பதிலும் பலன் இல்லை. உங்கள் தொண்டர்களுக்கு இவ்வளவையும் அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம், கூப்பிட்டால் வருகிறேன்.

தண்ணீர்ப் பந்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரோஸ் சிராப்பைக் குறைத்து உப்புப் போட்ட நீர்மோர் வையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு ரோஸ் கலரில் இன்னும் சர்க்கரையை ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்குத்தான் மயக்கம் வருகிறது.

சரி, நேரத்துக்கு வருவோம். மலேசியக் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. 1982 பிறந்தபோது தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளிச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, ஒன்றேகாலைத் தாண்டித்தான். அதிலும் ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் ஏறக்குறைய நம் நடு மண்டைக்கு மேலேயே நிற்கும். பத்து மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குச் சேரும் ஊர்வலம் முழுக்க ஏறுவெயிலிலும் உச்சி வெயிலிலும் நடக்கிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இன்னும் இருட்டுதான். சூரியன் வருவதே ஏழு மணிக்கு மேல். பத்துக்குள் கடைசிக் காவடியும் வந்துவிடலாம். தார் அதற்குள் முழுச் சூடு ஏறியிருக்காது.

இது புதுப் பழக்கமும் இல்லை. பால்மரம் வெட்டப் போனவர்கள் இருட்டிலேயே பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய், விடியும்போது மரத்தடியில் இருந்து, வெயில் ஏறுமுன் பால் எடுத்து முடித்தார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பது ஒரு காரணம், ஆளும் தாங்க மாட்டான் என்பது இன்னொன்று. பத்துமலைத் தைப்பூசத்தில் நள்ளிரவிலிருந்தே காவடி ஏறுகிறது. அதனால் வேண்டுதல் நிறைவேறவில்லை என்று யாரும் சொன்னதில்லை. நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்றால் அபிஷேகத்துக்குப் பாருங்கள். விடியற்காலையில் புறப்பட உங்கள் குருக்கள் எந்தத் தடையும் சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், கேட்டுவிடுங்கள்.

தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. போலீஸ் பெர்மிட்டுக்கு எழுதும் மனுவில் புறப்படும் நேரத்தையும் போடுவீர்கள். அது போய்விட்டால், "இந்த வருஷம் இப்படியே போகட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பீர்கள். ஆகவே மனு எழுதுமுன் இந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் படியுங்கள். புறப்பாடு காலை 6.00 என்று போடுங்கள். கடைவீதித் துண்டில் பொம்பா (தீயணைப்பு) வண்டியோ தண்ணீர் லோரியோ ரோட்டை நனைத்துக்கொண்டே முன்னால் போகட்டும், கோயில் வாசலில் ஈரச் சாக்கு விரித்து வையுங்கள். முதலுதவிக் கூடாரத்தை நாங்கள் ஐந்து மணிக்கே போட்டுவிடுகிறோம். ஐஸ் பெட்டி மட்டும் குழுச் செலவில் இரண்டு வேண்டும், போன முறை ஒன்று போதவில்லை.

இப்படிக்கு,
பாடாங் செராயிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மிஸ்ஸி