ஆடி அமாவாசை கிரகணமும் என் தம்பியோட வலது கண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் குத்தாலம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கேன், உங்க பத்திரிகைய பல வருஷமா படிக்கிறேன். கிரகணம் வந்தா நீங்க எந்த நட்சத்திரக்காரங்க பரிகாரம் பண்ணணும், கோயில் நடை எப்ப சாத்துவாங்க, எப்ப திறப்பாங்கன்னு ஒரு பத்தி போடுறீங்க, அது வேணும்தான், எங்கம்மாவே அதை வெட்டி காலண்டர்ல ஒட்டி வெப்பாங்க. ஆனா கிரகணத்த கண்ணு கெடாம எப்படிப் பாக்கணும்னு அதே அளவு இடம் குடுத்து ஒரு தடவ கூட வந்ததில்ல. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

1995 அக்டோபர் 24, தீபாவளிக்கு மறுநாள் காலைல சூரிய கிரகணம். ராஜஸ்தான்ல இருந்து வங்காளம் வரைக்கும் ஒரு கோடு மாதிரி போன பாதையில முழுசா இருட்டிச்சு, நம்ம பக்கம் பகுதி கிரகணம்தான். என் தம்பிக்கு அப்ப பதினோரு வயசு. தாத்தா கால் ஒடிஞ்சப்போ எடுத்த எக்ஸ்ரே பிலிம் பரண்ல கிடந்துச்சு, அதை எடுத்துட்டு கொல்லைப்பக்கம் போயி வைக்கப்போர் மேல ஏறி நின்னு பாத்துருக்கான். ஒரு வலி இல்ல, எரிச்சல் இல்ல, கண்ணுல தண்ணி கூட வரல. எறங்கி வந்து முதநாள் வெடிக்காத வெடியெல்லாம் பொறுக்கி மருந்தைக் கொட்டி விளையாடிட்டு இருந்தான். மறுநாள் ஸ்கூல்ல போர்டுல எழுதுனத படிக்கச் சொன்னா வார்த்தையோட நடு எழுத்து காணோங்கறான். வாத்தியார் அடம் புடிக்கிறான்னு நெனச்சு அடிச்சிட்டார். விழித்திரையில வலி தெரியற நரம்பே கிடையாதுன்னு ரொம்ப நாள் கழிச்சு ஒரு கண் டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சுட்டது அப்பவே சுட்டாச்சு, தெரியறது மட்டும் மறுநாள்.

சில பேருக்கு இது சில மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா சரியாகும், இவனுக்கு இடது கண்ணு தேறிடுச்சு, வலது கண்ணு தேறல. இப்ப சைக்கிள் கடை வெச்சிருக்கான். டியூப்ல பஞ்சரை கண்ணால தேட மாட்டான், கன்னத்துக்கிட்ட வெச்சு காத்து எங்க வருதுன்னு பாப்பான். நம்மகிட்ட பேசும்போது மொகத்தை லேசா திருப்பிக்கிட்டுத்தான் பேசுவான், தெரியாதவங்க இவன் மதிக்காம பேசறான்னு நெனச்சுக்குவாங்க.

எக்ஸ்ரே பிலிம் கறுப்பா இருக்குறதால நமக்கு ஒரு தைரியம் வருது. வெளிச்சம் கொறைஞ்சு கண்ணு கூசாது, கூசாததால கண்ணு பாப்பா இன்னும் விரியும், ஆனா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு கதிர் அந்த பிலிம் வழியா தாராளமா உள்ள போகும். கூலிங் கிளாஸ், புகை புடிச்ச கண்ணாடி, சிடி தட்டு எல்லாம் இதே கதைதான்.

எங்க ஊர்ல இன்னொரு பழக்கம், தாம்பாளத்துல மஞ்சத் தண்ணிய ஊத்தி அதுல சூரியனைப் பாக்குறது, அது ஆபத்தில்லன்னு எல்லாரும் நம்புறாங்க. நல்ல கிரகண கண்ணாடி லட்சத்துல மூணு பங்கு வெளிச்சத்துக்கு மேல விடக்கூடாதுன்னு கணக்கு. தாம்பாளத் தண்ணி, சூரியன் உச்சியில இருக்கும்போதே, நூத்துக்கு ரெண்டு பங்கு திருப்பி அனுப்புது, அதாவது லட்சத்துக்கு ரெண்டாயிரம்! சூரியன் சாஞ்சிருந்தா இன்னும் அதிகம்.

இதை இப்ப எழுதக் காரணம் 2027 ஆகஸ்ட் 2. அன்னைக்கு திங்கக்கிழமை, ஆடி அமாவாசை, மறுநாள் ஆடிப்பெருக்கு. நம்மூர்ல சாயங்காலம் பகுதி சூரிய கிரகணம். காவேரிக்கரையில அன்னைக்கு கூட்டத்த கேக்கவே வேணாம், கிரகணம் பிடிக்கும்போது ஒரு முழுக்கு விடும்போது ஒரு முழுக்குன்னு ஜனங்க படித்துறையிலேயேதான் இருப்பாங்க. சூரியன் மேற்க சாஞ்சு நிக்கும், ஆறு மேற்கேருந்துதான் வருது, கரையில நிக்கிறவங்களுக்கு எதிர்லயே சூரியன், கீழ ஆத்துத் தண்ணியிலயும் சூரியன். வெயில் தணிஞ்ச நேரம்தானேன்னு புள்ளைங்க அண்ணாந்து பாக்கும்.

அதே நாள் ஸ்பெயின், மொராக்கோ, எகிப்து, சவுதி வழியா முழு கிரகணம் போகுது. எகிப்துல லக்ஸர் பக்கம் ஆறு நிமிஷத்துக்கு மேல இருட்டு, ஜெட்டாவுலயும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல. நம்ம டெல்டா ஆளுங்க வீட்டுக்கு ஒருத்தர் அந்தப் பக்கம் இருக்காங்க, என் அத்தான் ஜெட்டாவுலதான் டிரைவரா இருக்கார். அங்க சூரியன் முழுசா மறைஞ்ச அந்த சில நிமிஷம் மட்டும் வெறுங்கண்ணால பாக்கலாம், சுத்தியும் வெள்ளி இழை மாதிரி விரியற ஒளிவட்டத்த அப்பத்தான் பாக்க முடியும், பாக்க வேண்டியதும்தான். ஓரத்துல ஒரு பொட்டு வெளிச்சம் மோதிரக்கல் மாதிரி எட்டிப் பாத்ததும் திரும்ப கண்ணாடி போட்டுடணும். அவர் ‘நான் வெறுங்கண்ணால பாத்தேன், ஒண்ணும் ஆகல’ன்னு வீடியோ அனுப்புற நேரமும் இங்க கிரகணம் பிடிக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒட்டி வரும், அதை வாட்ஸ்அப்ல பாத்துட்டு இங்க புள்ளைங்களும் வெறுங்கண்ணால பாத்தா என்ன ஆகும்? இங்க ஒரு நொடி கூட முழுசா மறையாது. நூத்துல தொண்ணூத்தொம்போது பங்கு மறைஞ்சாலும் மிச்சம் இருக்குற அந்த ஒரு பங்கு சூரியனே கண்ணைச் சுடப் போதும். தயவுசெஞ்சு இந்த வித்தியாசத்த பெரிய எழுத்துல போடுங்க.

கதவ சாத்திட்டு இருந்துட்டா பிரச்சனையே இல்லைங்கறாங்க. அம்மா ஊறுகாய் ஜாடியில தர்ப்பை போடுறதையோ குளிச்சுட்டு சமைக்கிறதையோ நான் குத்தம் சொல்லல. ஆனா நம்ம பெரியவங்க கிரகணத்த கணக்கா பாத்தவங்க. 1825ல பாண்டிச்சேரியில பஞ்சாங்கம் கணிக்கிற தமிழர் ஒருத்தர் தரையில சோழிகள பரப்பி மனப்பாடமா வெச்சிருந்த வாய்பாட்டை வெச்சே சந்திர கிரகணத்தக் கணிச்சுக் காட்டினத வாரன்னு ஒரு வெள்ளைக்காரர் எழுதி வெச்சிருக்கார், தொடங்குற நேரத்துல சில நிமிஷம்தான் வித்தியாசம். 1871 டிசம்பர்ல நம்ம பக்கத்துல இருக்குற புதுக்கோட்டையிலயே முழு கிரகணம் தெரிஞ்சுது, அதைப் பாக்க இங்கிலாந்துலேருந்து கப்பல் ஏறி வந்தாங்க. நாம மட்டும் ஏன் கதவ சாத்திக்கணும்?

2019 டிசம்பர் 26 காலைல ஒன்பதரை மணி வாக்குல எங்க தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. நான் மாட்டுக்கொட்டகைக்கு போனேன், கீத்து ஓட்டை வழியா வெயில் விழற இடத்துல எல்லாம் எப்பவும் வட்டமா இருக்குமே, அன்னைக்கு சாணி மொழுகுன தரை பூரா குட்டி குட்டி பிறை. பசு மாட்டு முதுகுல நாலு பிறை, அது வால ஆட்டி ஓட்டப் பாக்குது. ஒவ்வொரு ஓட்டையும் சூரியனை படம் புடிச்சு கீழ போடுதுன்னு என் பொண்ணு சொன்னா. அம்மாவ கூப்பிட்டேன், மொதல்ல வரல, அப்பறம் முந்தானைய தலையில போட்டுக்கிட்டு வந்து நின்னு பேசாம பாத்துக்கிட்டே இருந்தாங்க.

சூரியனுக்கு முதுகு காட்டி நின்னு இடியாப்பத் தட்டையோ சல்லடையையோ புடிச்சு நிழல பாத்தாலே போதும். இன்னும் பெருசா வேணும்னா மொகம் பாக்குற கண்ணாடியில பேப்பர் ஒட்டி நடுவுல மிளகு அளவு ஓட்டை விட்டு, வெயில இருட்டா இருக்குற சுவத்துல திருப்பி விடணும், பத்து மீட்டர் தள்ளி விழுந்தா ஒன்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு சூரியன் சுவத்துல நிக்கும், தெருவே பாக்கலாம். கண்ணாடிய யாரும் உத்துப் பாக்கக் கூடாது, சுவத்தத்தான் பாக்கணும். நேரா பாக்க ஆசைப்பட்டா ஐஎஸ்ஓ 12312-2ன்னு போட்ட கிரகண கண்ணாடி, கீறல் இல்லாததா, இல்லன்னா வெல்டிங் கடையில பதினாலாம் நம்பர் கண்ணாடி. அதைப் போட்டுக்கிட்டும் பைனாகுலர் வழியா பாக்கவே கூடாது, அது வெயில குவிச்சு பில்டரையே உருக்கிடும்.

ஒரு வாரம் முன்னாடியே, பலன் பத்திக்கு பக்கத்துலயே இதைப் போடுங்க, அங்கதான் எல்லாரும் படிப்பாங்க. இந்த லெட்டர தம்பிக்கு படிச்சுக் காட்டினேன், அவன் கடையில ஒரு பழைய ஸ்கூட்டர் கண்ணாடி கழட்டி வெச்சிருக்கான், அதுல பேப்பர் ஒட்டி படித்துறைக்கு எதுத்தாப்ல இருக்குற மண்டபச் சுவத்துல விடறேன்னு சொல்லியிருக்கான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குத்தாலம்