சுருட்டை என்பது வைரசின் பெயரன்று

பயிர் வைரசுகளைக் கண்டறியும் ஆய்வாளர்களுக்கும், பயிர் நோய்கள் குறித்துத் தமிழில் துண்டுப்பிரசுரம் எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒன்பது சாடிகளில் கொச்சிக்காய் வளர்க்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை. சென்ற மாதம் நான்கு செடிகளின் இலைகள் சுருண்டன. விசாரித்த இடத்தில் கிடைத்த தமிழ்ப் பிரசுரம், எல்லாவற்றையும் 'இலைச்சுருட்டை நோய்' என்ற ஒரே தலைப்பில் அடக்கி, பூச்சிநாசினி தெளிக்கச் சொல்லி முடிந்திருந்தது.

கைவில்லையால் பார்த்தேன். இரண்டு செடிகளில் இலைகள் கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கி மடிந்திருந்தன. அது சிற்றுண்ணியின் வேலை. சிற்றுண்ணி பூச்சியே அன்று. அதற்குக் கந்தகம் வேண்டும். மற்ற இரண்டில் இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, செடி குறுகியிருந்தது. வெள்ளை ஈ காவிவந்த பெகோமோவைரசு (வெள்ளை ஈயால் பரவும் தாவர வைரசுப் பேரினம்) என்பது என் ஊகம். ஆயினும் பனிப்பூச்சி (த்ரிப்ஸ்) என்ற சிறு பூச்சி உறிஞ்சினாலும் இலை மேல்நோக்கிச் சுருளும் என்பதால், கண்ணால் மட்டும் பார்த்து அதை உறுதிசெய்ய இயலாது. வைரசு புகுந்த செடியைக் குணமாக்கும் மருந்தோ எதுவும் இல்லை, பிடுங்கத்தான் வேண்டும். சிற்றுண்ணி, பனிப்பூச்சி, வைரசு மூன்றுக்கும் ஒரே பெயரென்றால் விவசாயி எதைச் செய்வார்?

உங்கள் துறைக்குள் இந்தத் தளர்வு கிடையாது. பெகோமோவைரசுகளில் டிஎன்ஏ-ஏ என்ற மரபணுத் துண்டின் முழு வரிசையையும் அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டு, 91 சதவீதத்துக்குக் குறைவாக ஒத்திருந்தால்தான் புதிய இனம் என்கிறீர்கள். 2021 முதல் ஒவ்வோர் இனத்துக்கும் இருசொற் பெயர் என்று வைரசுகளுக்கான சர்வதேச வகைப்பாட்டுக் குழு விதித்திருக்கிறது. மரவள்ளி இலைகளில் திட்டுத்திட்டாக நிறம் வெளிறும் தேமல் நோயைப் பாருங்கள்: இலங்கையில் கிடைத்த வைரசை இந்திய மரவள்ளித் தேமல் வைரசிலிருந்து வேறானதென மரபணு வரிசை கொண்டு 2002இல் பிரித்தறிந்திருந்ததனால்தான், 2015இல் கம்போடியாவில் எடுத்த இலைகளில் இருந்தது 'இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு'தான் என்று உடனே சொல்ல முடிந்தது. (நம் நாட்டின் பெயர் இப்படியா ஊர் ஊராகப் போக வேண்டும் என்று தோன்றாமலில்லை.) அது வெள்ளை ஈயால் மட்டுமன்றி நடுகைத் தடிகளாலும் பரவுவதால், இன்ன வைரசு என்று தெரிந்தால்தான் எந்தத் தடியைத் தடுப்பதென்பதும் தெளிவாகும்.

ஆகவே ஒவ்வொரு தமிழ்ப் பிரசுரத்திலும் அறிகுறியின் பெயரையும் காரணியின் பெயரையும் தனித்தனியே எழுதுங்கள். அந்தக் காரணி கண்ணால் ஊகிக்கப்பட்டதா, எலைசா, பிசிஆர் என்ற ஆய்வுகூடச் சோதனைகளில் ஒன்றால் உறுதிசெய்யப்பட்டதா, மரபணு வரிசை படிக்கப்பட்டதா என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். கண்ணால் மட்டும் பார்த்த இடத்தில் 'வைரசு நோய்' என்று அச்சிட வேண்டாம்.

ஐயத்துக்குரிய இரண்டு செடிகளையும் பிடுங்கிவிட்டேன். அவற்றின் இளம் இலைகள் தாளில் மடித்து உலர்த்தியபடி என்னிடம் உள்ளன. எங்கே ஒப்படைக்க வேண்டுமென்று அறிவித்தால் நானே கொண்டுவருவேன்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொழும்பு 06