வாசல் புல்லில் தேர்தல் பலகை: சிவாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சிவா,

நியூஜெர்சியிலிருந்து டெக்சஸுக்கு வந்த கையோடு ஸ்கூல் போர்டு (பள்ளி நிர்வாகக் குழு) தேர்தல் வேலையில் இறங்கிவிட்டாய் என்பதில் சந்தோஷம். வாசலில் யார்டு சைன் (தேர்தல் பலகை) நட்டால் எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) நோட்டீஸ் வருமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக நடு. எந்த இடத்தில், எந்த அளவில், எந்தத் தேதியில் என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

நகர நிர்வாகத்தைப் பற்றிக் கவலைப்படாதே. மிசௌரியில் லாடூ என்ற ஊரில் மார்கரெட் கிலியோ 1990 டிசம்பரில் வளைகுடாப் போருக்கு எதிராக 24-க்கு 36 அங்குலப் பலகை ஒன்றை வாசலில் வைத்தார். ஊர் விதி அதற்கு இடம் தரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1994-இல் ஒன்பது நீதிபதிகளும் அவர் பக்கம் நின்றார்கள். டெக்சஸ் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. சொந்த நிலத்தில் உரிமையாளர் சம்மதத்தோடு நிற்கும் அரசியல் பலகைக்கு நகரம் பர்மிட் கேட்கவோ கட்டணம் வாங்கவோ முடியாது. 36 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது, 8 அடிக்கு மேல் உயரக் கூடாது, விளக்கும் அசையும் பாகமும் கூடாது, அவ்வளவுதான்.

எச்ஓஏ கதை வேறு. அது அரசு இல்லை, தனியார் சங்கம். அதனால் லாடூ தீர்ப்பைக் காட்டி அவர்களை மடக்க முடியாது. உங்கள் பழைய மாநிலத்திலேயே ட்வின் ரிவர்ஸ் வழக்கில் 2007-இல் சங்கம்தான் ஜெயித்தது. அங்கே ஜன்னலில் ஒன்று, வீட்டை ஒட்டிய பூப்பாத்தியில் ஒன்று என்று கொஞ்சமாவது இடம் விட்டிருந்தார்கள். ஏறக்குறைய முழுத் தடையே போட்ட மாஸ்டாபுரூக் சங்கம் 2012-இல் தோற்றது. டெக்சஸில் இந்த இழுபறி இல்லை. சொத்துச் சட்டம் 202.009-ஆம் பிரிவு சங்கத்தின் கையைக் கட்டிவிட்டது. தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து, தேர்தல் முடிந்த 10-ஆம் நாள் வரும்வரை அவர்கள் தடுக்க முடியாது. 2026 நவம்பர் 3 தேர்தல் என்றால் ஆகஸ்ட் 5-இல் நடலாம், நவம்பர் 12 இரவுக்குள் பிடுங்கிவிடு. மே மாதத் தேர்தலுக்குக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

அதே பிரிவு சங்கத்துக்கும் சில அதிகாரம் தருகிறது. பலகை தரையில்தான் நிற்க வேண்டும், ஒரு வேட்பாளருக்கு ஒன்றுதான் என்று அவர்கள் சொல்லலாம். மரத்தில், வேலியில், காரில் கட்டியதைத் தடுக்கலாம். பலூன், விளக்கு, பாட்டு எதுவும் வேண்டாம். அளவு 4-க்கு 6 அடியைத் தாண்டக் கூடாது. சறுக்குவது இங்கேதான்: பிரசாரக்காரர்கள் ஆசையாகக் கொண்டுவரும் 4-க்கு 8 பலகை 32 சதுர அடி. நகர விதிக்குள் அடங்கும், சங்க விதியில் அடிபடும். சங்கம் அதை எடுத்துப்போனால் நீ வாதாட முடியாது.

அடுத்தது இடம். சைடுவாக்குக்கும் ரோட்டுக்கும் நடுவே உள்ள புல்லை நீதான் வெட்டுகிறாய், தண்ணீரும் நீதான் விடுகிறாய். ஆனால் பெரும்பாலும் அது ரோட்டுக்கு ஒதுக்கிய நிலம். அங்கே நட்டால் நகர ஆட்கள் வண்டியில் அள்ளிப்போவார்கள். எதிர்க்கட்சிக்காரன் திருடிவிட்டான் என்று வரும் புகாரில் பாதி இந்தக் கேஸ்தான் என்பது என் எண்ணம். வீடு வாங்கியபோது கொடுத்த சர்வே வரைபடத்தில் எல்லைக்கோட்டைப் பார்த்து, அதற்கு இரண்டடி உள்ளே நடு.

வழக்கமான பலகை 24-க்கு 18 அங்குலம், 4 மில்லிமீட்டர் கொரோபிளாஸ்ட், அதாவது உள்ளே குழல் குழலாக ஓடும் பிளாஸ்டிக் அட்டை. அந்தக் குழல்கள் மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். அச்சகத்தில் படுக்கையாக வெட்டிவிட்டால் கம்பி ஏறவே ஏறாது. எச் வடிவக் கம்பியை முதலில் மண்ணில் இறக்கு, பிறகு பலகையை அதன் மேல் சொருகு. பலகையைப் பிடித்து அழுத்தினால் மடங்கும். இந்தக் கரிசல் களிமண் வெயிலில் கல்லாகிவிடும், முந்தின நாள் மாலையே தண்ணீர் விட்டு வை. ஸ்பிரிங்ளர் தலைகள் நிற்கும் வரிசையிலிருந்து ஓரடி தள்ளிக்கொள், அடியில் குழாய் ஓடும். முகத்தை ரோட்டுக்கு நேரே திருப்பாதே. ரோட்டுக்குக் குறுக்காக வைத்தால்தான் இரண்டு பக்கமும் வருகிறவர்கள் படிக்கலாம்.

நம்மவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் எந்தத் தேர்தலுக்கும், ஸ்கூல் போர்டானாலும், பணம் தரக் கூடாது. "பத்து டாலர் நன்கொடைக்கு ஒரு பலகை" என்பதும் நன்கொடையேதான். சொந்தக் காசில் அச்சடிப்பதும் கூடாது. சம்பளம் வாங்காமல் கூடமாட உதவுவது சரி. கிரீன் கார்டு இருந்தால் பணமும் தரலாம், ஓட்டுதான் கிடையாது.

அக்கம்பக்கத்தில் இரண்டு பேச்சும் கேட்பாய். தெரு அசிங்கமாகிறது, வீடு விலை போகாது என்பார்கள் சிலர். வம்பு எதற்கு, பக்கத்து வீட்டோடு முகம் முறியும் என்பார்கள் நம் ஆட்கள். பலகையால் ஓட்டு விழுமா என்றால், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீனும் கூட்டாளிகளும் நடத்திய நான்கு கள ஆய்வுகளின் முடிவு 2016-இல் வந்தது. சராசரியாக 1.7 சதவீதப் புள்ளி ஓட்டு கூடியது. ஜனாதிபதி தேர்தலில் அது காற்றோடு போகும். நாலு பேர் வந்து ஓட்டுப் போடும் ஸ்கூல் போர்டு தேர்தலில் அதுவே ஆளைத் தூக்கிவிடும். பெரிய பெயர்களுக்குப் புல்லைத் தோண்டுவது எனக்குத் தேவையாகப் படவில்லை. உள்ளூர் வேட்பாளருக்கு ஒரு சின்னப் பலகை நியாயம்.

முடிந்ததும் கம்பியை வேட்பாளரிடமே கொடுத்துவிடு, அடுத்த முறைக்கு ஆகும். கொரோபிளாஸ்ட்டை வீட்டு மறுசுழற்சித் தொட்டியில் பல ஊர்களில் எடுப்பதில்லை. உன் சங்க விதிப் புத்தகத்தில் பலகைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரகு