உழைப்பின் பெயரால் ஒரு மாத்திரை

அன்புள்ள கயல்,

இங்கு அனைவரும் நலம். மூன்று வாரமாகத் தொடர்ந்து இரவு ஷிப்ட் வருவதாகவும், கண் அசராமலிருக்க ஏதோ ஒரு பானத்தைக் குடித்துச் சமாளிப்பதாகவும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. உன் தொழிற்சாலை இருக்கும் ஜப்பானிலேயே நடந்த ஒன்றை நீ அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த காலத்தில் ஆஸ்துமா நோயாளிகளுக்கு எபிட்ரின் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். "மூச்சு சீராயிடுச்சு, தூக்கந்தான் போச்சு" என்று சொல்லி, மீதி மாத்திரைகளைக் காகிதப் பொட்டலத்தோடு என் மேசையில் வைத்துவிட்டுப் போன மூதாட்டியை இன்னும் மறக்கவில்லை. அந்த எபிட்ரினை மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷிதான், 1893-இல் அதிலிருந்து மெத்தாம்பெட்டமின் என்ற, தூக்கத்தை விரட்டும் போதைமருந்தையும் உருவாக்கினார். 1941-இல் அது ஹிரோபோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உழைப்பின் மீதான விருப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. சோர்ந்த தொழிலாளியிடம் இதைவிட வேகமாக விலைபோகும் பெயர் எது?

போர்க்காலத்தில் படைவீரர்களும் ஆயுதத் தொழிற்சாலைகளின் இரவுத் தொழிலாளர்களும் அதை உட்கொண்டார்கள். 1945-இல் போர் முடிந்ததும் இராணுவக் கிடங்குகளில் தேங்கிய சரக்கு சந்தைக்கு வந்தது. உணவுக்கே தட்டுப்பாடாக இருந்த அந்த ஆண்டுகளில், பசியையும் அசதியையும் ஒருசேர மறைக்கும் மாத்திரையை நாடியவர்களை என்னால் குறைசொல்ல முடியவில்லை. மாத்திரையில் தொடங்கிய பலர் பிறகு ஊசிக்கு மாறினார்கள்.

கயல், அந்த மருந்து உடலுக்குப் புதிய பலம் எதையும் கொடுப்பதில்லை. மூளையில் கிளர்ச்சியூட்டும் வேதிப்பொருள்களான டோபமினையும் நார்அட்ரினலினையும் பெருகச் செய்து, உடல் 'போதும்' என்று கெஞ்சுவதை உணரவிடாமல் தடுக்கிறது. அதன் வேகம் இறங்கும்போது, அதுவரை மறைந்திருந்த களைப்பு மொத்தமும் மனச்சோர்வோடு சேர்ந்து வந்து அழுத்துவதால், கை அடுத்த மாத்திரையைத் தேடுகிறது. நாளடைவில் யாரோ பின்தொடர்வதாகச் சந்தேகமும், இல்லாத குரல்கள் கேட்பதும் தொடங்குகின்றன. 1951-இல் தடைச் சட்டம் வந்தும், 1954-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 55,000 பேர் கைதானார்கள்.

நீ குடிக்கும் பானமும் ஹிரோபோனும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஷிப்டை மாற்றித் தரும்படி மேலாளரிடம் இந்த வாரமே கேள். பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு முழுத் தூக்கம் தூங்கு. பொங்கலுக்கு வந்து திரும்பும்போது இங்கிருந்து சளி மாத்திரை எதையும் என்னிடம் காட்டாமல் பெட்டியில் வைக்காதே. சில சளி மாத்திரைகளில் சேர்க்கும், எபிட்ரினைப் போன்ற சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது.

அன்புடன்,
அப்பா